எழுந்து நிற்கச் சொன்ன கை

மைதானத்தின் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அக்கா மைக்கைக் கையில் எடுப்பார். ஆடுகிற பிள்ளைகள் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அவராகவே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் அது. சித்திரை வெயிலிலும் மாறாது. நான் ஷூ போட்ட காலோடு கேமராவுக்குப் பின்னால் நிற்பேன். அவர் சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தபடி, குரலில் அதைக் காட்டாமல், யார் யாரைப் பிடித்தார்கள், எத்தனை புள்ளி என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தஞ்சாவூரில், ஒரு தொலைக்காட்சியின் மாவட்ட அலுவலகத்தில். பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நீடாமங்கலம் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்தவர்கள். கேமரா வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அப்பா, "கல்யாணத்துக்கு எடுப்பாங்களே, அதுவாடா?" என்றார்.

"இல்லப்பா, டிவி."

"டிவியில வர்ற கல்யாணமா?"

முதல் நாள் அலுவலகத்தில் விளையாட்டுச் செய்தியாளரோடு போகச் சொன்னார்கள். நான் "வணக்கம் மேடம்" என்றேன். அவர் வாசலில் நின்று வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"மேடமா? ரோட்டுல நின்னு வடை திங்கிற மேடத்த எங்கயாச்சும் பாத்திருக்கியா? அக்கான்னு கூப்பிடு. கேமராவ ஆடாமப் புடிப்பியா, அதச் சொல்லு தம்பி."

அக்காவுக்கு ஊர் நாகூர். வாப்பா வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துப் பெண்களைப் படிக்க வைத்தவர். அக்கா பள்ளியிலும் கல்லூரியிலும் பூப்பந்து ஆடியவர். செய்தி வாசிக்க என்று எடுத்து, கோலப்போட்டிக்கும் தங்கம் விலைக்கும் ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். அவர் விளையாட்டு கேட்டார். "கிரிக்கெட் தெரியுமா?" என்று சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். "கபடி தெரியும்" என்றார். அப்படித்தான் சனிக்கிழமை மாலையில் சில நிமிடங்கள் 'டெல்டா விளையாட்டு' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. திருவாரூரில் பள்ளி வாலிபால், சீர்காழியில் ஓட்டப் பந்தயம், பொங்கல் முடிந்தால் ஊர் ஊராகக் கபடி.

தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டுதான் திரையில் நிற்பார். ஒருமுறை சென்னையிலிருந்து, "முக்காடு இல்லாம நின்னா ஃப்ரேம் நல்லா இருக்கும்" என்றார்கள். "ஃப்ரேம்ல ஆட்டம் தெரியுதா சார்? அப்ப நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். விழாக் குழுக்காரர்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மைக்கோடு இவர் வண்டியிலிருந்து இறங்கினால் யாராவது ஒருவர், "கோலப்போட்டி காலையிலயே முடிஞ்சிருச்சேம்மா" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். "பரவால்லண்ணே, நீங்க போட்ட கோலத்தக் காட்டுங்க" என்று மைதானத்தில் கோணல்மாணலாகப் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டுவார். அதற்குப் பிறகு நாற்காலி வரும், சோடா வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஆண்கள் ஆட்டத்தை விளக்குப் போட்டு இரவில் வைப்பார்கள். பெண்கள் ஆட்டம் உச்சி வெயிலில், எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில். காலி கேலரிக்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடிப் போவார்கள். கூட்டம் வராததால் வெயிலில் வைக்கிறோம் என்பார்கள். வெயிலில் வைப்பதால் கூட்டம் வரவில்லை என்பார் அக்கா.

அந்த வருடம் சம்பா அறுப்பு முடிந்து, திருவாரூர் சாலையில் ஒரு ஊரில் பெரிய போட்டி அறிவித்தார்கள். அக்கா அந்தக் குழுவின் பின்னால் நடையாய் நடந்தார். பெண்கள் இறுதி ஆட்டத்தை மாலையில் வைத்தால் டிவியில் நேரலை வரும் என்று அவர்களிடம் சொன்னார். மாலையில் வைக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்று சென்னையிடம் சொன்னார். இரண்டு பக்கமும் இப்படிக் கட்டி இழுத்துத்தான் அது நடந்தது. சென்னை விளையாட்டுப் பிரிவின் தலைவர் தொலைபேசியில் சொன்னதை நானும் கேட்டேன்.

"கூட்டம் இருந்தா லைவ் போறோம். நல்லா வந்துச்சுன்னா அடுத்த மாசத்துலேருந்து நீங்க இங்க, ஸ்போர்ட்ஸ் டெஸ்க்ல. வரலைன்னா அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சிய இழுத்து மூடச் சொல்லி ஏற்கனவே பேச்சு இருக்கு. பாத்துக்கங்க."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு, "பாத்தியா, ஒரே ஆட்டம். ஜெயிச்சா சென்னை, தோத்தா கோலப்போட்டி" என்றார்.

இறுதிக்கு வந்த இரு அணிகளில் ஒன்றில் ஒரு பெண் ரெய்டு போவதில் கெட்டிக்காரி. கல்லூரியில் இரண்டாம் வருடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை வாங்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அவளுடைய அப்பா அறுவடை மெஷினோடு மூட்டை பிடிக்கப் போகிறவர். மகள் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன்.

"அரைக்கால் சட்டையோட ஓடுது. நான் எப்படிம்மா போயி உக்காந்து பாக்குறது? ஊரு பாக்கும்ல" என்றார்.

"ஊரு ஆட்டத்தத்தான் பாக்கும், நீங்க வாங்கய்யா" என்றார் அக்கா. "நீங்க எந்திரிச்சுக் கை தட்டுறத அது பாக்கணும். டிவியிலயும் வரும்."

"நான் டிவியிலயா?" என்று அந்த மனிதர் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் அப்பாவும் அப்படித்தான் சிரிப்பார்.

போட்டி நடந்த இடம் அறுத்த வயல். பக்கத்து வயல்களில் உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. இந்த வயலில் மட்டும் போட்டிக்காகத் தெளிக்காமல் விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சவுக்குக் கழியில் கயிறு கட்டி, பலகை போட்டு கேலரி. மேலே மண் காய்ந்து வெடித்திருந்தது. அடியில் ஈரம் இருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

மாலை வெயில் சாயும்போது கேலரி நிறைந்துவிட்டது. பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். இடுப்புக் குழந்தையோடு வந்தவர்கள் கீழ் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா, மடிப்புக் கலையாத வேட்டியில், கூட்டத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மேல் வரிசையில் உட்கார வைத்தார். "இங்க உக்காருங்கய்யா, முகத்துல நல்லா வெளிச்சம் விழுது." வீரரின் பெற்றோரைக் கேமராவுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார வைப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது.

இன்னொன்றும் எல்லோரும் செய்வது. நேரலைக்குப் போகும் முன் கூட்டத்தை எழுப்பிப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டம் திரையில் உயிரில்லாமல் இருக்கும். செய்தியாளர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்குவார். எல்லோரும் எழுந்து கத்துவார்கள். அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு ஆட்டத்தின் நடுவே சேர்ப்போம். எத்தனையோ ஊரில் எடுத்திருக்கிறோம். நான் கேமராவை ஸ்டாண்டில் பொருத்திவிட்டேன். அக்காவின் காதில் மாட்டியிருந்த கருவியில் சென்னை பேசியது. என் காதிலும் அதே குரல்தான்.

"கூட்டத்தக் காட்டுங்க. என்ன இது, தூங்குற மாதிரி உக்காந்திருக்காங்க? எழுப்புங்க."

அக்கா செருப்பில்லாத காலோடு கேலரியின் முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார்.

"எல்லாரும் எந்திரிங்க! நம்ம புள்ளைங்களுக்காக ஒரு சத்தம் போடுங்க பாப்போம்!"

எழுந்தார்கள். கீழ் வரிசை முதலில், பிறகு நடு வரிசை. மேல் வரிசையில் அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் பார்த்து இரண்டு கையாலும் சைகை காட்டினார். அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். கை தட்டினார். பிறகு எல்லோரும் குதித்தார்கள்.

முறிகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. கயிறு இழுபடுகிற ஒரு கீச்சு மட்டும். வியூஃபைண்டரில் இடது பாதி காலியாக இருந்தது. அங்கே ஆட்கள் இருந்தார்களே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வலது பாதியும் காலியாகிவிட்டது. பிறகுதான் அலறல்.

அக்கா மைக்கைப் போட்டுவிட்டுச் சரிந்த கேலரியைப் பார்த்து ஓடினார். நானும் ஓடினேன். ஸ்டாண்டில் நின்ற கேமரா அதுபாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. சென்னையில் அப்போதுதான் நேரலையைத் திறந்தார்கள். காதில் அந்தக் குரல், "பேசுங்க, யாராச்சும் பேசுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தது. திரையில் போனது புழுதியும், அதற்குள் வெறுங்காலோடு சவுக்குக் கழியைத் தூக்கும் ஒரு பெண்ணும். கழிக்குக் கீழே கிடந்தது அந்த அப்பா. அவரை நான்கு பேராகத் தூக்கினோம். "கால் எங்கருக்குன்னு தெரியலையே" என்று சாதாரணமாகச் சொன்னார், எதையோ வைத்த இடம் மறந்ததுபோல.

பலருக்குக் கை கால் முறிந்தது. உயிர் போகவில்லை. அவருக்கு முதுகுத்தண்டு போனது.

அன்று மாலையிலிருந்து அந்தப் புழுதிக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மைக்கை வீசிவிட்டு மக்களை மீட்ட பெண் செய்தியாளர் என்று கீழே ஓடியது. மற்ற தொலைக்காட்சிகளும் கேட்டு வாங்கிப் போட்டன. அக்காவின் உம்மா நாகூரிலிருந்து அழைத்து அழுதுகொண்டே, "தெருவே உன்னயப் பத்திப் பேசுது மவளே" என்றார். அடுத்த நாள் சென்னையிலிருந்து அழைப்பு. இடம் உறுதி, அடுத்த மாதம் வந்துவிடலாம், நேரலையில் பாராட்டு விழாகூட வைக்கலாம் என்றார்கள். எனக்குத் தனியாக ஓர் அழைப்பு வந்தது. நேரலைக்கு முன்னால் எடுத்தது எதுவும் தேவையில்லை, மெமரி கார்டை அழித்துவிட்டு அனுப்பு என்றார்கள்.

அழிக்கும் முன் அக்கா என்னிடம் கேட்டார். "அதுல இருக்கா?"

"இருக்குக்கா."

"எனக்கு ஒரு காப்பி போடு. உன் போன்லேருந்து அனுப்பாத. இந்தா, இந்த பென் டிரைவ்ல போடு. யாரு கேட்டாலும் அக்கா கார்டை வாங்கிட்டுப் போச்சுன்னு சொல்லு. உங்க வீட்டுல நீதான் முதல் ஆளு. விளங்குதா?"

அதற்குள் கேலரி கட்டிய பந்தல்காரரைக் கைது செய்துவிட்டார்கள். கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. விழாக் குழுவில் எல்லோரும் ஒரே வாக்காக, கூட்டம் அமைதியாக உட்கார்ந்திருந்தது, கட்டு சரியில்லாமல் சரிந்தது என்று சொன்னார்கள். பந்தல்காரர், "உக்காந்து பாக்கத்தாங்க கட்டுனேன். எல்லாரும் ஒரே நேரத்துல எந்திரிச்சுக் குதிச்சாங்க" என்று சொல்லியிருக்கிறார். யார் குதித்தது, எதற்குக் குதித்தது என்று கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேலரிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

கோட்டாட்சியரிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது எங்கள் அலுவலகத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏம்மா, உன்னை யாரும் கேக்கலையே? சம்மன் வந்துச்சா? இல்லல்ல?"

"எந்திரிக்கச் சொன்னது யாருன்னு யாருமே கேக்கல சார். அதனாலதான் போறேன்."

"சென்னைதான் எழுப்பச் சொன்னாங்கன்னு சொல்லிவெச்சிராத. ஆபீஸே போயிரும்."

"கை என்னோடது சார். அத மட்டும்தான் சொல்லப்போறேன்."

"பொம்பளப் புள்ள இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. அதையும் கெடுத்துக்கிறியே" என்றார் அவர். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

நான் அக்காவை வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வேப்ப மரத்தடியில் காத்திருந்தேன். சீக்கிரமே வந்துவிட்டார். அந்தக் காட்சியை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்களாம். "உங்க கை தெரியுது, கூட்டம் எழுந்திரிக்கிறது தெரியுது. கயிறு எந்த நிலைமையில இருந்துச்சுன்னு இதுல தெரியலையேம்மா" என்றார்களாம். வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். பந்தல்காரர் மேல் போட்ட வழக்கு அப்படியேதான் இருந்தது. கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்தார். அந்தப் பக்கத்தில் யாரும் அவரைக் கேலரி கட்டக் கூப்பிடுவதில்லை.

அக்காவை வேலையை விட்டு நீக்கவில்லை. சனிக்கிழமை நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். சென்னை இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்தார்கள். அக்காவின் ஒப்பந்தம் முடிந்த நாளில், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதுவும் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான் என்றார் அவர். தாங்க முடியாமல் போனது வேறு. அடுத்த பருவத்தில் நான் எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும் பெண்கள் ஆட்டம் இல்லை. வெயில் நேரத்தில்கூட இல்லை. "பொம்பளப் புள்ளைங்கள ஆட விட்டுத்தானே அந்த ஊர்ல அப்படி ஆச்சு" என்று குழுக்காரர் ஒருவர் என்னிடமே சொன்னார். அதை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

ஊரோடு போய்விட்டிருந்த அக்கா பிறகு ஒருநாள் நாகூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினார். "அந்த அய்யா வீட்டுக்குப் போகணும், வா" என்றார்.

வீட்டு முன்னறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார் அவர். முகத்தில் சவரம் செய்திருந்தது. மகள் செய்துவிட்டது என்று சொன்னார். அவள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா வேலைக்குப் போய்விடுவதால் பகலில் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் கழுவிவிடுவதும் அவள்தான். அதற்குத் தெம்பு வேண்டும். அவளுக்குத் தெம்பு இருந்தது.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்தால் ஒரு சொல் தடுமாறாத மனுஷி.

"அய்யா, அன்னைக்கு நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்மா. நீங்க சொல்லித்தானே எந்திரிச்சேன்" என்றார் அவர். "இல்லன்னா நான் எங்க எந்திரிக்கப் போறேன்? வெக்கமா இருந்துச்சு." பிறகு, வெகுநாளாகக் கேட்க நினைத்ததுபோல, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் எந்திரிச்சது டிவியில வந்துச்சாம்மா? இதுங்கள்லாம் பாக்கலங்குது."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னார். "வரலைங்கய்யா. போட மாட்டேன்னுட்டாங்க. ஆனா எடுத்திருக்கு. பாக்குறீங்களா?"

பென் டிரைவில் இருந்ததைத் தன் போனில் மாற்றிக் கொண்டுவந்திருந்தார். என்னிடம் கொடுத்தார். நான் அந்தக் கை தூக்குகிற இடத்தைத் தள்ளிவிட்டு, அவர் எழுகிற இடத்திலிருந்து போடப் பார்த்தேன். அக்கா என் விரலைத் தட்டிவிட்டார். "வெட்டாத. மொதல்லேருந்து போடு."

போட்டேன். அக்காவின் கை உயர்ந்தது. கீழ் வரிசை எழுந்தது. நடு வரிசை எழுந்தது. அந்த அப்பா பக்கத்தில் பார்த்தார், வேட்டியைச் சரி செய்தார், எழுந்தார், கை தட்டினார். அந்த இடத்தில் நிறுத்தினேன். இந்த முறை அக்கா என் விரலைத் தட்டிவிடவில்லை.

"இன்னொரு தடவ" என்றார் அவர். போட்டேன். மூன்றாவது முறை போடும்போது மகள் உள்ளேயிருந்து வந்து பின்னால் நின்று பார்த்தாள். திரையின் கீழ் மூலையில் அவளும் இருந்தாள். குனிந்து முழங்கால் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் குனிஞ்சிருக்கேன்" என்றாள். "அப்பா எந்திரிச்சப்ப நான் பாக்கவே இல்ல."

"அதான் இப்பப் பாக்குறியே" என்றார் அவர்.

கிளம்பும்போது அவள் எங்களோடு வண்டி வரை வந்தாள். அக்கா, "மறுபடி காலேஜுக்கு எழுதிப் போட்டுப் பாக்கலாம், எனக்குத் தெரிஞ்ச கோச் ஒருத்தர் இருக்காரு" என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு நடந்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு நின்றாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இனிமே வர வேணாம். திட்டலக்கா. இன்னையிலேருந்து அப்பா அந்த வீடியோவத்தான் கேக்கும். என்னைய ஆடப் போகச் சொல்லும். நான் போயிட்டா அதைப் புரட்டிப் போட யாரு இருக்கா?"

"சரிம்மா" என்றார் அக்கா.

"வீடியோவ மட்டும் எனக்கு அனுப்பிருங்க."

"முழுசா அனுப்புறேன்" என்றார் அக்கா. வாய்க்கால் மதகுப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, அங்கேயே நின்று அனுப்பினார். போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வந்தது. பார்த்ததற்கான அடையாளம் வரும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்ததும், "போலாம் தம்பி, நாகூர் பஸ் போயிரும்" என்றார்.